தூய கணித ஆய்வுக்குள் முதல் அடிகள்: வாசிப்பிலிருந்து வெளியீடு வரை

பாடநூலில் வரும் தேற்றம் முடிந்துபோன ஒன்று. அதை முதலில் சொன்னவர் யார், எத்தனை பேர் ஐயுற்றார்கள், நிரூபணம் எந்த இடத்தில் உடைந்து பின்னர் எப்படிச் சரிசெய்யப்பட்டது என்பவை அந்தப் பக்கத்தில் இருப்பதில்லை. முதுகலைக் கணிதத்தை முடித்து ஆய்வுக்குள் நுழைகிற மாணவர் தடுமாறுவதற்குப் பாடத்தின் கடினம் ஒரு காரணம். ஒரு கூற்று எந்த நடைமுறைகளின் வழியே ஏற்கப்பட்ட முடிவாக மாறுகிறது என்பதை எவரும் அவருக்கு முறையாக எடுத்துச் சொல்லாதது அதைவிடப் பெரிய காரணம். அந்த நடைமுறைகளும் கடந்த முப்பது ஆண்டுகளில் வெகுவாக மாறிவிட்டன. அவற்றை ஒரு புதியவர் எந்த வரிசையில் பழகிக்கொள்ளலாம் என்பதை இக்கட்டுரை சொல்கிறது. வரிசை முக்கியமானது என்பது என் கருத்து: கணினியில் நிரூபணம் எழுதுவதில் தொடங்க விரும்பும் மாணவர்கள் இப்போது பெருகிவருகிறார்கள், ஆனால் கையால் ஒரு கட்டுரையை முழுமையாக வாசித்தறியாதவருக்கு அந்தக் கருவி அதிகம் தராது.

முதற்படி: துறையின் எல்லையை அறிதல்

கணிதக் கட்டுரைகள் உலகெங்கும் ஒரே வகைப்பாட்டைப் பின்பற்றுகின்றன. 2020ஆம் ஆண்டின் பாட வகைப்பாட்டில் 63 முதன்மைப் பிரிவுகள் உள்ளன. சேர்வியலுக்கு 05, எண் கோட்பாட்டுக்கு 11, இயற்கணித வடிவியலுக்கு 14 என்று ஒவ்வொன்றுக்கும் ஈரிலக்க எண் உண்டு, அதற்குள் நுண்பிரிவுகளும் உண்டு. உங்களுக்குப் பிடித்த ஒரு கட்டுரையின் முதற்பக்க அடியில் பெரும்பாலும் இந்த எண் இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு, 2021 முதல் கட்டணமின்றித் திறந்துவிடப்பட்டுள்ள இசட்பிமேத் தரவுத்தளத்தில் அதே நுண்பிரிவின் மதிப்புரைகளைத் தேடுங்கள். ஒரு மாலைப் பொழுதில் அத்துறையில் யார் எதைச் செய்கிறார்கள் என்பதன் உருவரை கிடைத்துவிடும். இதற்கு மேல் இந்தப் படியில் நேரம் செலவிட வேண்டியதில்லை.

இரண்டாம் படி: முன்பதிப்புகளைப் பின்தொடர்தல்

1991இல் பால் கின்ஸ்பார்க் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் இயற்பியலாளர்களுக்காகத் தொடங்கிய ஆர்க்கைவ் என்னும் முன்பதிப்புக் களஞ்சியம் (முன்பதிப்பு என்பது ஆய்விதழில் வெளிவருமுன் பொதுவில் வைக்கப்படும் கட்டுரை), இன்று கணிதத்தின் அன்றாட வாசல். ஆய்விதழில் வெளிவர ஓராண்டோ இரண்டாண்டோ ஆகும் கட்டுரை இங்கே எழுதிய அன்றோ மறுநாளோ கிடைக்கிறது. உங்கள் துறையின் அன்றாடப் பட்டியலைத் தலைப்பும் சுருக்கமும் மட்டும் வாசிக்கும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். முதல் சில மாதங்களுக்குப் பெரும்பாலான சுருக்கங்கள் புரியாது. அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், ஏனெனில் இங்கே நீங்கள் பழகுவது துறையின் சொற்களும் எந்தக் கேள்விகள் மீண்டும் மீண்டும் எழுகின்றன என்பதும்தான்.

மூன்று செய்திகளை மட்டும் மனத்தில் வையுங்கள். அங்கே ஏற்றப்படுமுன் கட்டுரைகளை நடுவர், அதாவது ஆய்விதழ்கள் சோதிக்கச் சொல்லும் துறை வல்லுநர், எவரும் சரிபார்ப்பதில்லை. ஒவ்வொரு கட்டுரைக்கும் பதிப்பு எண் உண்டு. மூன்றாம் பதிப்பு இருக்கையில் முதல் பதிப்பை அச்சிட்டு வாசிப்பது வீண். ஆசிரியர் திரும்பப் பெற்ற கட்டுரையின் பழைய பதிப்பும் அங்கேயே இருக்கும், ஆகவே குறிப்புரைப் பகுதியைப் பார்க்காமல் வாசிக்கத் தொடங்காதீர்கள்.

நடுவர் பார்க்காதது என்பதால் மதிப்பற்றது என்றும் நினைக்கக் கூடாது. முப்பரிமாண வெளிகளின் வடிவம் பற்றி 1904இல் எழுப்பப்பட்ட புவான்கரே ஊகத்துக்கான நிரூபணத்தை கிரிகோரி பெரெல்மான் 2002 நவம்பரிலும் 2003இலும் மூன்று முன்பதிப்புகளாக அங்கே வைத்தார். எந்த ஆய்விதழுக்கும் அனுப்பவில்லை. மூன்று வெவ்வேறு குழுக்கள் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து விடுபட்ட விவரங்களை நிரப்பிய பிறகே அது ஏற்கப்பட்டது. பின்னர் வந்த ஃபீல்ட்ஸ் பதக்கத்தையும் பத்து லட்சம் டாலர் பரிசையும் அவர் மறுத்துவிட்டார் என்பதைத்தான் நாளிதழ்கள் எழுதின. புதியவர் கவனிக்க வேண்டியவர்களோ அந்த மூன்று குழுக்கள்.

மூன்றாம் படி: ஒரே ஒரு கட்டுரையைக் கையால் வாசித்தல்

பத்துக் கட்டுரைகளை மேலோட்டமாகப் பார்ப்பதைவிட ஒன்றைப் பென்சிலோடு வாசிப்பது மேல். முன்னுரையையும் முதன்மைத் தேற்றத்தின் கூற்றையும் முதலில் படித்துவிட்டு, நிரூபணத்தை அப்படியே விட்டுவிட்டு, வரையறைகளுக்குப் போங்கள். ஒவ்வொரு வரையறைக்கும் அதற்குப் பொருந்தும் ஓர் எடுத்துக்காட்டையும் பொருந்தாத ஓர் எடுத்துக்காட்டையும் நீங்களே எழுதும் வரை அடுத்ததற்குச் செல்லாதீர்கள்.

இதைப் பகா எண்களின் இடைவெளி பற்றிய முடிவை வைத்துப் பார்ப்போம். 2013 ஏப்ரலில் யீதாங் ஜாங் அன்னல்ஸ் ஆஃப் மேதமேட்டிக்ஸ் இதழுக்கு அனுப்பிய கட்டுரை, 7 கோடிக்கும் குறைவான இடைவெளியில் அமைந்த பகா எண் இணைகள் முடிவின்றி உள்ளன என்று நிறுவியது. அத்துறைக் கட்டுரைகளில் முதலில் எதிர்ப்படும் வரையறை ‘ஏற்புடைய கணம்’ என்பது: சில முழுவெண்களின் கணம், எந்தப் பகா எண்ணால் வகுத்தாலும் வரக்கூடிய மீதிகள் அனைத்தையும் நிரப்பிவிடாமல் ஏதேனும் ஒரு மீதியையாவது விட்டுவைத்தால் அது ஏற்புடையது. படித்தவுடன் இது வெறும் சொல்லாகவே நிற்கும். 0, 2, 4 என்ற கணத்தை எடுங்கள். 3ஆல் வகுத்தால் மீதிகள் 0, 2, 1, எல்லாமே வந்துவிட்டன. ஆகவே எந்த எண்ணோடு இவற்றைக் கூட்டினாலும் கிடைக்கும் மூன்றில் ஒன்று 3ஆல் வகுபடும், மூன்றும் பகா எண்களாவது 3, 5, 7 என்ற ஓரிடத்தில் மட்டும்தான். இனி 0, 2, 6 என்ற கணம். 3ஆல் வகுத்தால் மீதிகள் 0, 2, 0. மீதி 1 வரவில்லை. 2ஆல் வகுத்தால் எல்லாமே 0. ஐந்து, ஏழு போன்ற பெரிய பகா எண்களை மூன்றே உறுப்புகளால் நிரப்ப இயலாது. ஆகவே இது ஏற்புடையது. 50 உறுப்புகள் கொண்ட ஒரு கணத்துக்கு 50க்கு உட்பட்ட பகா எண்களை மட்டும் சோதித்தால் போதும் என்பதும் இதிலிருந்தே தெரிகிறது. 0, 2, 6, 8, 12 என்பதை நீங்களே சோதித்துப் பாருங்கள். 5ஆல் வகுக்கையில் எந்த மீதி தப்புகிறது என்று கண்டுபிடிப்பதற்குள் வரையறை கைவசமாகிவிடும்.

இப்போது தேற்றத்தின் கூற்று தானாகத் திறக்கும். ஜாங் பயன்படுத்திய கணத்தில் 35 லட்சம் உறுப்புகள் இருந்தன. அத்தகைய கணத்தை முடிவற்ற முறை நகர்த்தி வைத்தால் குறைந்தது இரண்டு பகா எண்கள் அகப்படும் என்பதே அவர் நிறுவியது, 7 கோடி என்பது அந்தக் கணத்தின் நீளத்துக்கு இட்ட மேல்வரம்பு. உறுப்புகளின் எண்ணிக்கையைக் குறைத்தால் இடைவெளியும் குறையும். சில மாதங்களில் ஒரு கூட்டுக்குழு அதை 632 உறுப்புகளாகவும் 4680 இடைவெளியாகவும் இறக்கியது; ஜேம்ஸ் மேனார்ட் வேறொரு வழியில் 105 உறுப்புகளுக்கும் 600 இடைவெளிக்கும் வந்தார்; பின்னர் 50 உறுப்புகளும் 246 இடைவெளியும் எட்டப்பட்டன. நிரூபணத்தின் ஆழமான பகுதி ஆண்டுக்கணக்கான பயிற்சியைக் கேட்கும், ஆனால் இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பதை ஒரு பட்டதாரி மாணவர் ஒரு வாரத்தில் முழுமையாகப் புரிந்துகொள்ளலாம்.

வரையறைகளுக்குப் பின் தேற்றத்தின் கட்டுப்பாடுகளை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்க்க வேண்டும். ஒரு கட்டுப்பாட்டை எடுத்தால் கூற்று எங்கே பொய்க்கிறது என்று தெரியவில்லை எனில், நிரூபணத்தில் அது பயன்படும் வரியை உங்களால் அடையாளம் காண முடியாது. ‘தெளிவாகத் தெரிகிறது’, ‘எளிதில் காட்டலாம்’, ‘பொதுத்தன்மை குறையாமல்’ என்ற சொற்கள் வருமிடங்களில் ஓரத்தில் ஒரு கோடு இடுங்கள். அந்தக் கோடுகள் ஒவ்வொன்றுக்கும் அரைப்பக்க விளக்கம் எழுதுவதே உண்மையான வாசிப்பு. மூத்தவர்களும் இதைத்தான் செய்கிறார்கள், வேகமாகச் செய்வதால் வெளியே தெரிவதில்லை.

நான்காம் படி: ஒரு முடிவை எப்போது நம்புவது

ஆய்விதழில் அச்சானது, ஆகவே சரி என்று கொள்வது புதியவர்களின் இயல்பு. நடைமுறை அவ்வளவு நேரானதன்று. ஆண்ட்ரூ வைல்ஸ் 1993 ஜூனில் கேம்பிரிட்ஜில் மூன்று விரிவுரைகளின் முடிவில் பெர்மாவின் கடைசித் தேற்றத்தை அறிவித்தார். நடுவர்கள் வரிவரியாகப் பார்க்கையில் ஓரிடத்தில் இடைவெளி இருப்பது வெளிப்பட்டது. 1994 செப்டம்பரில்தான், ரிச்சர்டு டெய்லரின் துணையோடு, அது அடைபட்டு 1995இல் வெளிவந்தது. இங்கே நடுவர் முறை தன் வேலையைச் செய்தது. மறுபுறம், ஷினிச்சி மொச்சிசுகி எண் கோட்பாட்டின் ஏபிசி ஊகத்துக்கான நிரூபணம் என்று 2012 ஆகஸ்டில் வெளியிட்ட நான்கு கட்டுரைகள் 2021இல் கியோட்டோவின் ஆய்விதழ் ஒன்றில் அச்சாகியும், பீட்டர் ஷோல்ட்சவும் யாக்கோப் ஸ்டிக்ஸும் 2018இல் கியோட்டோ சென்று அவரோடு விவாதித்தபின் சுட்டிக்காட்டிய ஒரு கிளைத்தேற்றத்தின் நிரூபணம் நிறைவளிக்கவில்லை என்பதால், எண் கோட்பாட்டாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை.

ஆகவே ஒரு தேற்றத்தைப் பயன்படுத்துமுன் சில கேள்விகளைக் கேளுங்கள். வேறொருவர் அதை வேறு வழியில் நிறுவியிருக்கிறாரா? அதை வைத்து மேலும் கட்டியவர்கள் யார், அவர்கள் வெறுமனே மேற்கோள் காட்டினார்களா, அல்லது உள்முறையைத் தங்கள் கையால் மீண்டும் செய்தார்களா? பிழைதிருத்தம் வெளிவந்திருக்கிறதா? ‘வெளிவரவுள்ளது’ என்று ஆண்டுகளாக நிற்கும் மேற்கோளின் மீது நிரூபணம் சாய்ந்திருக்கிறதா? கடைசிக் கேள்வி அற்பமானதன்று. முடிவுறு எளிய குலங்களின் வகைப்பாடு 1980களின் தொடக்கத்தில் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. அதன் ஒரு பகுதி எழுதி முடிக்கப்படாமலே இருந்து, மைக்கேல் ஆஷ்பாக்கரும் ஸ்டீபன் ஸ்மித்தும் 2004இல் ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட இரண்டு தொகுதிகளால் அந்த இடைவெளியை அடைத்தார்கள்.

ஐந்தாம் படி: ஆட்களிடம் செல்லுதல்

கணிதத்தில் எழுத்தில் வராத அறிவு ஏராளம். ஒரு முறை ஏன் வேலை செய்யாது, எந்தத் துணைத்தேற்றம்தான் உண்மையான உயிர், எந்தப் புகழ்பெற்ற நூலின் எந்த அத்தியாயத்தைத் தவிர்க்கலாம் என்பவை பேச்சிலேயே கைமாறுகின்றன. பாரிசில் பயின்ற அருட்தந்தை சார்லஸ் ரசீன் சென்னை லயோலா கல்லூரியில் அன்றைய பிரெஞ்சுக் கணிதத்தின் போக்கை மாணவர்களுக்குக் காட்டினார், எம். எஸ். நரசிம்மனும் சி. எஸ். சேஷாத்ரியும் அவரிடம் பயின்று மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்குச் சென்றவர்கள். அவர்களது 1965ஆம் ஆண்டுத் தேற்றம் இன்றும் வடிவியலின் அடிப்படைகளில் ஒன்று. பாடத்திட்டத்தில் அந்தப் போக்கு அப்போது இருந்ததில்லை. ஓர் ஆள் இருந்தார்.

கருத்தரங்குகளுக்குச் செல்லுங்கள், பெருந்தொற்றுக்குப் பின் பலவற்றை இணையத்திலும் கேட்கலாம். முதல் பதினைந்து நிமிடங்கள் மட்டும் புரிந்தால் அது இயல்பான நிலை. கேட்கும்போது மூன்றே செய்திகளை எழுதிக்கொள்ளுங்கள்: கேள்வி என்ன, எளிய எடுத்துக்காட்டு என்ன, இதற்கு முன் தெரிந்தது என்ன. இறுதியில் கேட்பதற்கு எப்போதும் பொருந்தும் ஒரு கேள்வி உண்டு: உங்கள் தேற்றம் எதையேனும் புதிதாகச் சொல்லும் மிகச் சிறிய நேர்வு எது? எந்தப் பேச்சாளரும் இதைத் தாழ்வாக எண்ணமாட்டார், பலர் மகிழ்ந்து பதிலளிப்பார்கள்.

அறிமுகமில்லாத கணிதவியலாளருக்கு எழுதும்போது பத்து வரிக்குள் எழுதுங்கள். எந்தக் கட்டுரையின் எந்தத் துணைத்தேற்றம், எந்த வரி, நீங்கள் சோதித்துப் பார்த்தது என்ன, சிக்கியது எங்கே என்பது மட்டும் போதும். இராமானுஜன் 1913 ஜனவரியில் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழக எழுத்தராக இருந்தபோது ஹார்டிக்கு எழுதிய கடிதத்தை முன்மாதிரியாகக் கொண்டு, தம் தேற்றங்களின் நீண்ட பட்டியலை அனுப்பிவைக்கும் இளைஞர்கள் இன்னும் இருக்கிறார்கள். அக்கடிதத்தின் வெற்றி ஹார்டி அதற்கு ஒதுக்கிய நேரத்தாலும் விளைந்தது என்பதை அவர்கள் கருதுவதில்லை.

கூட்டு வேலையின் ஒழுங்கும் தெரிந்திருக்க வேண்டும். தூய கணிதத்தில் ஆசிரியர் பெயர்கள் அகரவரிசையில் வரும். முதற்பெயர் என்பதற்குச் சிறப்பில்லை, ஆய்வு வழிகாட்டி தாம் பங்களிக்காத மாணவரின் கட்டுரையில் பெயர் சேர்ப்பதும் மரபன்று. டிமோதி கவர்ஸ் 2009இல் தொடங்கிய பாலிமாத் திட்டம் இதற்கு ஒரு புது வடிவம் தந்தது: சேர்வியலின் ஒரு தேற்றத்துக்குப் புதிய நிரூபணத்தை, யாரும் எந்த அரைகுறை எண்ணத்தையும் முன்வைக்கலாம் என்ற விதியோடு, பொதுவெளியில் பலர் சேர்ந்து சில வாரங்களில் கண்டடைந்தார்கள், கட்டுரை ஒரு புனைபெயரில் வெளிவந்தது. பகா எண் இடைவெளியை 4680 ஆக்கியதும் அதே திட்டத்தின் பிற்காலக் குழுதான்.

ஆறாம் படி: நிரூபணத்தைக் கணினிக்கு எழுதுதல்

தாமஸ் ஹேல்ஸ் 1998இல், கோளங்களை மிக நெருக்கமாக அடுக்குவது பற்றிய கெப்ளரின் ஊகத்துக்குத் தந்த நிரூபணத்தைப் பன்னிரண்டு நடுவர்கள் ஆண்டுக்கணக்கில் பார்த்து, 99 விழுக்காடு உறுதி என்றுதான் சொல்ல முடிந்தது, ஏனெனில் அதன் பெரும்பகுதி கணினிக் கணக்கீடு. அதிருப்தியுற்ற ஹேல்ஸ், ஒவ்வொரு தருக்க அடியையும் இயந்திரமே சரிபார்க்கும் வடிவில் நிரூபணத்தை மாற்றி எழுதும் திட்டத்தைத் தொடங்கி, 2014இல் முடித்தார். இன்று கணிதவியலாளர்களிடம் அதிகம் புழங்கும் இத்தகைய மென்பொருள், லியோனார்டோ டி மோரா 2013இல் தொடங்கிய லீன். அதன் பொதுநூலகம் மேத்லிப்.

லீனைக் கணினியில் இறக்கிக்கொள்ளும் முன், உலாவியிலேயே ஆடக்கூடிய இயல் எண் விளையாட்டிலிருந்து தொடங்குங்கள். கூட்டலின் வரையறையையும் தொகுத்தறி முறையையும் மட்டும் வைத்துக்கொண்டு, இரண்டு எண்களை எந்த வரிசையில் கூட்டினாலும் ஒரே விடை என்பதை அதில் நிறுவ வேண்டும். அதை முடித்தபின் நிரல் எழுத உதவும் விஎஸ் கோட் மென்பொருளில் லீன் நீட்சியைச் சேர்த்து, இரண்டு இரட்டை எண்களின் கூட்டுத்தொகை இரட்டை எண் என்பதை நிறுவிப் பாருங்கள். மேத்லிப்பில் ஓர் எண் இரட்டை எண் என்பதன் பொருள், ஏதோ ஓர் எண்ணை அதனோடே கூட்டினால் அது கிடைக்கிறது என்பது. ஆகவே முதல் எண்ணுக்கான பாதியையும் இரண்டாவதற்கான பாதியையும் பிரித்தெடுத்து, அவ்விரண்டின் கூட்டுத்தொகையைப் புதிய பாதியாக இயந்திரத்திடம் ஒப்படைத்து, கடைசிச் சமன்பாட்டை இயற்கணித விதியால் முடிக்க வேண்டும். தாளில் ஒரு வரி. இங்கே நான்கைந்து வரி. அந்த நான்கைந்து வரிக்குள்தான், நாம் ‘தெளிவு’ என்று கடந்துபோகும்போது எத்தனை முடிவுகளைச் சத்தமின்றி எடுக்கிறோம் என்பது தெரியவரும்.

சில வழக்கங்கள் முதலில் திகைப்பூட்டும். லீனில் 1ஐ 0ஆல் வகுத்தால் விடை 0. இயல் எண்களில் 2இலிருந்து 3ஐக் கழித்தாலும் 0. எல்லாச் சார்புகளும் எல்லா உள்ளீட்டுக்கும் ஏதேனும் ஒரு மதிப்பைத் தரவேண்டும் என்ற ஏற்பாட்டின் விளைவு இது. பிழையன்று, தேற்றங்களில்தான் பூச்சியமல்லாதது என்ற கட்டுப்பாடு எழுதப்படும். இதை அறியாமல் கூற்றை எழுதினால், இயந்திரம் பச்சை விளக்கு காட்டிய பிறகும் நீங்கள் நிறுவியது நீங்கள் நினைத்த கூற்றாக இராது. நிரூபணத்தை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். கூற்றையும் வரையறையையும் மனிதர்தான் வாசிக்க வேண்டும்.

பெரிய திட்டங்களில் புதியவருக்கு இடமுண்டா என்றால், உண்டு. 2020 டிசம்பரில் ஷோல்ட்ச, டஸ்டின் கிளவுசனோடு சேர்ந்து எழுதிய ஒரு நிரூபணத்தின் மீது தமக்கே ஐயம் உள்ளதென்று கூறி, அதைச் சரிபார்க்குமாறு வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார். யோஹான் கொமெலின் தலைமையிலான குழு 2022 ஜூலையில் அதை முடித்தது. 2023 நவம்பரில் கவர்ஸ், பென் கிரீன், ஃபிரெடி மேனர்ஸ், டெரன்ஸ் டாவ் நால்வரும் வெளியிட்ட சேர்வியல் முடிவு ஒன்று மூன்றே வாரங்களில் லீனில் எழுதப்பட்டுவிட்டது. இத்திட்டங்களில் முழு நிரூபணமும் சிறு துணைத்தேற்றங்களாகப் பிரிக்கப்பட்டு, எது முடிந்தது, எது எழுதத் தயாராக உள்ளது என்பது நிறங்களால் குறிக்கப்பட்ட ஒரு வரைபடத்தில் காட்டப்படும். முழுத் தேற்றமும் புரியாத ஒருவர் தயாராக உள்ள ஒரு சிறு பெட்டியை மட்டும் எடுத்து முடிக்கலாம். எடுக்கும் முன் அதைக் குழுவிடம் சொல்லிவிடுங்கள், இருவர் ஒரே வேலையைச் செய்வதை இது தவிர்க்கும்.

செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளைப் பற்றி ஒரு சொல். 2024இல் கூகுள் டீப்மைண்டின் அமைப்புகள் பன்னாட்டுக் கணித ஒலிம்பியாடின் ஆறு கணக்குகளில் நான்கைத் தீர்த்து 42க்கு 28 புள்ளிகள் பெற்றன. அவற்றுள் ஒன்றின் விடைகள் லீனில் எழுதப்பட்டு இயந்திரத்தால் சரிபார்க்கப்பட்டவை. சரிபார்ப்பு இல்லாத உரைநடை நிரூபணமோ வேறு பொருள். அது மிகச் சரளமாக வாசிக்கும், நடுவில் ஒரு வரி பொய்யாக இருக்கலாம், இல்லாத கட்டுரையை மேற்கோளும் காட்டலாம். மூன்றாம் படியில் சொன்ன பென்சில் கோடுகளை அதன் விடைகளுக்கு இரண்டு மடங்கு கண்டிப்போடு இடுங்கள்.

ஏழாம் படி: எழுதுதலும் பொதுவில் வைத்தலும்

முதல் கட்டுரை பெரிய ஊகத்தைப் பற்றியதாக இருக்கத் தேவையில்லை, இல்லாதிருப்பதே நல்லது. ஒரு தேற்றத்தின் கட்டுப்பாட்டைத் தளர்த்துவது, புதிய எதிரெடுத்துக்காட்டு தருவது, நீண்ட நிரூபணத்தைச் சுருக்குவது ஆகியவை மதிப்புள்ள பங்களிப்புகள். கணிதக் குறியீடுகளை அச்சமைக்கும் மென்பொருளான லேடெக்கில் எழுதுங்கள், வேறு வடிவில் வரும் கட்டுரையைத் துறையினர் திறந்துபார்க்கவே தயங்குவார்கள் என்பது நியாயமோ இல்லையோ, உண்மை. முன்னுரையின் முதற்பக்கத்துக்குள் முதன்மைத் தேற்றம் வந்துவிட வேண்டும், முன்பு தெரிந்தது எது, உங்களுடையது எது என்பது ஐயமின்றிப் பிரிந்து தெரிய வேண்டும். உதவிய ஒவ்வொருவருக்கும், பயன்படுத்திய மென்பொருளுக்கும், நன்றி எழுதுங்கள்.

பிறகு துறையறிந்த இருவருக்காவது அனுப்பி, சில வாரங்கள் காத்திருந்து, அதன் பின்பே ஆர்க்கைவில் ஏற்றுங்கள். முதன்முறை ஏற்றுபவருக்கு அத்துறையில் ஏற்கெனவே எழுதியிருக்கும் ஒருவரின் ஒப்புதல் தேவைப்படலாம். கருத்தரங்குகளில் பழகியவர்கள் இங்கே உதவுவார்கள். ஏற்றியதை அழிக்க இயலாது என்பதால் அவசரம் வேண்டாம்.

ஆய்விதழைத் தேர்ந்தெடுக்க உங்கள் மேற்கோள் பட்டியலையே பாருங்கள். அதில் அடிக்கடி வரும் இதழ்களே பொருத்தமானவை. ஒரே நேரத்தில் ஓர் இதழுக்கு மட்டும் அனுப்புவது மீறக்கூடாத விதி. ஆசிரியரிடம் வெளியீட்டுக் கட்டணம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பும், நீங்கள் கேள்விப்பட்டிராத இதழ்களை ஒதுக்கிவிடுங்கள். வாசகரிடமும் ஆசிரியரிடமும் கட்டணம் பெறாமல், ஆர்க்கைவில் உள்ள கட்டுரையையே நடுவர் பார்த்து ஏற்கும் டிஸ்கிரீட் அனாலிசிஸ் போன்ற இதழ்கள் 2016 முதல் நடைபெற்றுவருகின்றன. கணிதத்துக்கு இந்த ஏற்பாடு மிகவும் பொருத்தமானது என்று கருதுகிறேன். பதில் வர ஆறு மாதமோ ஓராண்டோ ஆகலாம். ஆறு மாதத்துக்கு முன் நினைவூட்டல் அனுப்பாதீர்கள்.

நடுவர் அறிக்கை வந்ததும் அன்றே பதில் எழுத வேண்டாம். ஒவ்வொரு குறிப்புக்கும் எண் இட்டு, எந்தப் பக்கத்தில் எதை மாற்றினீர்கள் என்பதை அதன் கீழேயே எழுதுங்கள். ஏற்காத குறிப்புக்கு ஏற்காத காரணத்தை இரண்டு வரியில் சொல்லுங்கள். நடுவர் ஓரிடத்தைத் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால், அந்த இடத்தை மாற்றி எழுதுங்கள், மற்ற வாசகர்களும் அங்கேயே தடுக்குவார்கள். திருத்திய கட்டுரையை இதழுக்கு அனுப்பிய அன்றே ஆர்க்கைவிலும் புதிய பதிப்பாக ஏற்றி, என்ன மாறியது என்பதைக் குறிப்புரையில் ஒரு வரியில் பதியுங்கள். எந்தத் துணைத்தேற்றத்தின் எண் மாறியிருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதினால், அதற்குள் உங்கள் முதற்பதிப்பை மேற்கோள் காட்டிவிட்டவர்கள் தங்கள் குறிப்பைத் திருத்திக்கொள்ள முடியும்.